சோகப் பாட்டுக்கு ஏன் இந்தத் துள்ளல்? ‘கரும்புத் தோட்டத்திலே’ பற்றி

கேள்வி: ஜனவரி 6, காலை

சமூகச் சிக்கலைப் பேசும் கவிதை ஒன்றை எடுத்து எதுகை, மோனை, ஓசை, மெய்ப்பாடு (உணர்ச்சி வெளிப்படும் விதம்) எல்லாவற்றையும் ஆராய்ந்து எழுத வேண்டும் என்று என் மகளுக்குக் கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். பாரதியாரின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாட்டை எடுத்திருக்கிறாள். பிஜித் தீவுக்குக் கூலியாகப் போன பெண்களைப் பற்றியது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். பொருள் அழுகிறது, ஓசை துள்ளுகிறது. கால் தானாகத் தாளம் போடுகிறது. பாரதி இங்கே மெட்டைத் தப்பாகத் தேர்ந்துவிட்டார் என்று நினைக்கிறேன். யாப்புத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஜனவரி 6, இரவு

தீர்ப்பை அப்புறம் எழுதலாம். முதலில் விரல் விட்டு எண்ணுங்கள். முதல் சரணம்:

கரும்புத் தோட்டத்திலே - அவர்
கால்களும் கைகளும் சோர்ந்து விழும்படி
வருந்து கின்றனரே - ஹிந்து
மாதர்தம் நெஞ்சு கொதித்துக் கொதித்துமெய்
சுருங்கு கின்றனரே - அவர்
துன்பத்தை நீக்க வழியில்லையோ? ஒரு
மருந்திதற் கிலையோ? - செக்கு
மாடுகள் போலுழைத் தேங்குகின்றார், அந்தக்
(கரும்புத் தோட்டத்திலே)

கட்டளைக் கலித்துறைக்கு எண்ணுவது போல புள்ளி வைத்த ஒற்றெழுத்தைத் தள்ளிவிட்டு உயிரையும் உயிர்மெய்யையும் மட்டும் எண்ண வேண்டும். ‘கரும்புத் தோட்டத்திலே’ 7. கோட்டுக்குப் பின்னால் தொங்கும் தனிச்சொல் ‘அவர்’ 2. அடுத்த அடி 12. ‘வருந்துகின்றனரே’ 7, ‘ஹிந்து’ 2, அடுத்த அடி மறுபடி 12. சரணம் முடியும் வரை இதே கணக்கு.

அந்த 12 எழுத்தும் மும்மூன்றாகப் பிரியும்: கால்களும் / கைகளும் / சோர்ந்துவி / ழும்படி. மாதர்தம் / நெஞ்சுகொ / தித்துக்கொ / தித்துமெய். உங்கள் கால் ஆடுவது இதனால்தான். பதிப்புகளில் திஸ்ர சாப்பு என்று தாளமும் போட்டிருக்கும். அதாவது மூன்றின் நடை. உங்கள் காதில் கோளாறு இல்லை. அது பாட்டின் கோளாறா என்பதுதான் பேச வேண்டியது.

மகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள். இதை வெண்பாவைப் போல நேர் நிரை என்று அலகிட்டுப் பக்கத்தை நிரப்ப வேண்டாம். நான் பள்ளியில் தமிழ் நடத்திய காலத்தில் பையன்கள் ‘கால்களும் கூவிளம், சோர்ந்து தேமா, விழும்படி கருவிளம்’ என்று எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கிக்கொண்டு போவார்கள். சரி, கூவிளம். அதனால் என்ன தெரிந்தது? இந்தப் பாட்டு சிந்து வகை. சிந்து பாடுவதற்கென்றே பிறந்த வடிவம். அதில் சீரைவிட எழுத்தும் நீட்டமும்தான் பேசும்.

ஜனவரி 7

மோனை, எதுகை. பாட்டில் மொத்தம் நான்கு சரணம், சரணத்துக்கு நான்கு இணை, ஆக 16 இணைகள். ஒவ்வொன்றிலும் குறளடி போல ஒரு சின்ன அடி, அப்புறம் ஒரு நீள அடி. சின்ன அடியின் முதலெழுத்தும் நீள அடியின் முதலெழுத்தும் மோனையில் சேர வேண்டும். நேற்றுப் படுக்கப் போகும் முன் பதினாறையும் சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

கரும்பு, கால்களும். பெண், பேயும். எண்ணம், ஏழைகள். மண், மாகடல். கண், காட்டினில். நாட்டை, நாளினி. வீட்டை, விம்மி. கேட்டிருப்பாய், கேணியிலே. இவையெல்லாம் கண்ணுக்கே தெரிகிற மோனை.

தெரியாத மோனை ஐந்து இருக்கிறது. வருந்து, மாதர். சுருங்கு, துன்பம். மீட்டும், விம்மி. தஞ்சம், சாகும். மிஞ்ச, வீர. இன்றைக்கு எழுதுகிறவர்கள் பலருக்கு இவை மோனை என்றே தோன்றாது. மகரத்துக்கு வகரமும் சகரத்துக்குத் தகரமும் இனம் என்பது பழைய கணக்கு. ‘சுருங்கு’ என்று வாயைக் குவித்த பிறகு ‘துன்பம்’ என்று சொல்லிப் பாருங்கள், உதடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பாரதி இதைப் படித்துச் செய்திருக்கலாம், காதாலும் செய்திருக்கலாம். எனக்குக் காது என்றுதான் படுகிறது.

எதுகை சின்ன அடிகளின் தலையில் மட்டும் வருகிறது. முதல் சரணம் கரும்பு, வருந்து, சுருங்கு, மருந்து. இரண்டாம் எழுத்து ‘ரு’ ஒன்று போதும் என்று இலக்கணம் விட்டுவிடும். இங்கே மூன்றாம் எழுத்தாக மெல்லினமும் நான்காவதாக அதன் இனமான வல்லினமும் சேர்ந்து வருகின்றன: ம்பு, ந்து, ங்கு, ந்தி. கேட்டதற்கு மேலே கொடுத்திருக்கிறார்.

இரண்டாம் சரணம் பெண், எண், மண், கண். மூன்றாவது நாட்டை, வீட்டை, கேட்டி, மீட்டும். நான்காவது நெஞ்சம், பஞ்சை, தஞ்சம், மிஞ்ச. மூன்றாவதில் மட்டும் எதுகையின் முதலெழுத்து நெடில். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

ஜனவரி 7, மாலை

தனிச்சொல் எல்லாம் இடத்தை நிரப்பப் போட்டவைதானே, ‘அவர்’ ஐந்து தடவை வருகிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐந்து சரிதான். நிரப்பல் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணத்தை விரிவாக எழுத வேண்டும். இப்போது கரண்ட் போகப் போகிறது.

ஜனவரி 9

கட்டுரைக்குப் பின்புலம் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். சுருக்கமாக.

பிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பல் 1879இல் போனது, கடைசிக் கப்பல் 1916இல். அந்த இடைவெளியில் ஏறத்தாழ 60,000 பேர் போனார்கள். முதலில் கல்கத்தாவிலிருந்து மட்டும்தான். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் கிளம்பியது, தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் அதில் போனார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். ஆணுக்கு நாளைக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ், அதுவும் அளந்துவிட்ட வேலையை முடித்தால். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற விகிதத்தில் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். இந்த விகிதத்திலிருந்து என்னென்ன வந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. தங்க வைத்த ‘லைன்’ அறை பத்தடிக்கு ஏழடி.

1912இல் குந்தி என்ற பெண் ஓவர்சியரிடமிருந்து தப்ப ஆற்றில் குதித்து, ஒரு படகுக்காரப் பையனால் பிழைத்தாள். அவள் சொன்னது 1913இல் கல்கத்தாவின் ‘பாரத் மித்ரா’ பத்திரிகையில் வந்து இந்தியா முழுக்கப் பேச்சானது. 1915இல் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் பாதிரியார் சி. எப். ஆண்ட்ரூஸும் அவர் நண்பர் பியர்சனும் பிஜிக்கே போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார்கள். மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்று ரத்தாயின.

பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில். பிஜியைப் பார்த்தவர் இல்லை. பத்திரிகைக்காரர், பத்திரிகை படித்துக் கொதித்தவர். இந்தத் தூரம் பாட்டின் ஓசைக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் என் கட்சி. தனிச்சொல்லைத் தொட்டால் அது தெரியும்.

பாரதியின் ‘நெஞ்சு பொறுக்குதிலையே’ பாட்டை எடுங்கள். அதுவும் சமூகச் சிக்கல்தான், அதுவும் சிந்துதான், நொண்டிச் சிந்து. ‘அஞ்சி யஞ்சிச் சாவார் - இவர் / அஞ்சாத பொருளில்லை அவனியிலே’. அங்கே தனிச்சொல் ‘இவர்’. கண்ணெதிரே நிற்கிற கூட்டத்தை விரல் நீட்டித் திட்டுகிற பாட்டு. பிஜிப் பாட்டில் அதே இடத்தில் ‘அவர்’. விரலை நீட்டினால் கடல்தான் இருக்கிறது. ‘அந்த’, ‘தெற்கு’, ‘தனி’ என்று இரண்டாம் சரணம் முழுக்கத் தனிச்சொற்கள் தூரத்தை அளக்கின்றன. மூன்றாவதில் ஒரே ஓரிடத்தில் ‘எங்கள் பெண்கள்’ என்று வருகிறது. அந்த ‘எங்கள்’ தனிச்சொல் இடத்தில் வரவில்லை, நீள அடிக்கு நடுவில் தாளத்தோடு தாளமாக நழுவி வருகிறது. யாரும் கவனிப்பதில்லை. அதனாலேயே எனக்கு அது பிடிக்கும்.

ஜனவரி 10

‘செக்கு மாடுகள்’ என்று பாட்டிலேயே இருப்பதால் மூன்று மூன்றாகச் சுற்றும் இந்தத் தாளம் செக்கின் சுற்றுத்தான், வடிவமே பொருளாகிவிட்டது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அழகான கருத்து. கட்டுரைக்கு நன்றாக இருக்கும். எனக்கு நம்பிக்கை இல்லை.

காரணம் கும்மி. ‘கும்மியடி தமிழ்நாடு முழுதும் குலுங்கிடக் கைகொட்டிக் கும்மியடி.’ இதுவும் பாரதிதான், பெண்கள் விடுதலைக் கும்மி. பிரித்துப் பாருங்கள்: கும்மிய / டிதமிழ் / நாடுமு / ழுதுங்கு / லுங்கிடக் / கைகொட்டிக் / கும்மிய / டி. அதே மூன்றின் நடை, ஒரு மாற்றமும் இல்லை. அங்கே பெண்கள் விடுதலை வந்துவிட்டது என்று கை கொட்டுகிறார்கள், இங்கே செத்துப்போகிறார்கள். தாளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்றின் நடை என்றால் செக்கு என்று சொன்னால் கும்மிக்கும் செக்குக் கட்ட வேண்டிவரும்.

இது கேள்வி கேட்டவருக்கும் பதில். மூன்றின் நடை துள்ளலும் இல்லை, சோகமும் இல்லை, வெறும் தரை. அதன்மேல் சொல் எங்கே உடைகிறது, எழுத்து எங்கே நீள்கிறது என்பதில்தான் உணர்ச்சி. தாலாட்டையும் ஒப்பாரியையும் ஏறக்குறைய ஒரே மெட்டில் இழுக்கும் ஊர்க்காரர்கள் நாம். இதை நாம் மறக்கலாமா?

ஜனவரி 11

உடைகிற இடத்தைக் காட்டு என்கிறீர்கள். மூன்றாம் சரணம்:

நாட்டை நினைப்பாரோ? - எந்த
நாளினிப் போயதைக் காண்பதென்றே அன்னை
வீட்டை நினைப்பாரோ? - அவர்
விம்மி விம்மி விம்மி விம்மி யழுங்குரல்
கேட்டிருப்பாய் காற்றே! - துன்பக்
கேணியிலே எங்கள் பெண்கள் அழுதசொல்
மீட்டும் உரையாயோ? - அவர்
விம்மி யழவுந் திறங்கெட்டும் போயினர்

நான்காவது வரிக்கு வாருங்கள். விம்மி நான்கு தடவை, எட்டு எழுத்து. ‘யழுங்குரல்’ நான்கு. ஆக 12. கணக்கு இடிக்கவில்லை. இப்போது தொடையில் தட்டிக்கொண்டே மும்மூன்றாகப் பிரியுங்கள்:

விம்மிவிம் / மிவிம்மி / விம்மிய / ழுங்குரல்

முதல் தட்டு ‘விம்’மேல் விழுகிறது. இரண்டாவது தட்டு ‘மி’மேல். மூன்றாவது மறுபடி ‘விம்’. சொல் இரண்டு எழுத்து, தாளம் மூன்று எழுத்து, இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. பாடுகிறவருக்கு இந்த இடத்தில் மூச்சு சிக்கும். விம்மலுக்கு அதுதானே இலக்கணம்?

மற்ற அடுக்குகளோடு ஒப்பிட்டால் இது தற்செயல் இல்லை என்று தெரியும். முதல் சரணத்தில் ‘கொதித்துக் கொதித்து’, கடைசிச் சரணத்தில் ‘பட்டு மடிந்து மடிந்து மடிந்தொரு’. கொதித்து மூன்று எழுத்து, மடிந்து மூன்று எழுத்து. பட்டும / டிந்தும / டிந்தும / டிந்தொரு. தட்டு ஒவ்வொரு தடவையும் ‘டிந்’மேலேயே விழுகிறது. சிக்கலே இல்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. செக்கு வேண்டும் என்று கேட்ட நண்பருக்கு நான் கொடுக்கக்கூடியது இதுதான்: தாளம் செக்கு இல்லை, ‘மடிந்து’ என்ற அடுக்குத்தான் செக்கு. சாவு தாளத்தோடு ஒத்துப்போகிறது. அழுகைதான் ஒத்துப்போகவில்லை.

இன்னும் ஒன்று. அதே சரணத்தின் கடைசி வரியும் விம்மியில்தான் தொடங்குகிறது: விம்மிய / ழவுந்தி / றங்கெட்டும் / போயினர். இங்கே ஒரே ஒரு விம்மி, தாளம் ஒழுங்காகிவிட்டது. விம்மத் தெம்பு இருந்தவரை தாளத்தை எதிர்த்தார்கள், தெம்பு போனதும் தாளம் ஜெயித்துவிட்டது. பாரதி திட்டம் போட்டு எழுதினாரா என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன், எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. பாட்டில் இருக்கிறது.

ஜனவரி 11, சற்று நேரம் கழித்து

எதுகை நெடில் பற்றித் திரும்பி வருகிறேன் என்றேனே. சின்ன அடிகளை மறுபடி எண்ணினால், முதல் சரணத்தில் நான்கும் 7 எழுத்து. மூன்றாம் சரணத்தில் நான்கும் 6. ‘நாட்டை நினைப்பாரோ’ 6, ‘கேட்டிருப்பாய் காற்றே’ 6. ஓர் எழுத்து எங்கே போயிற்று?

நீட்டத்துக்குள் போயிற்று. ஏழெழுத்து அடிகள் பெரும்பாலும் குறில், நெடில் என்று முடிகின்றன: திலே, னரே, டுமோ, னிலே. ஆறெழுத்து அடிகள் நெடில், நெடில் என்று முடிகின்றன: பாரோ, பாரோ, காற்றே, யாயோ. ஒரு நெடில் இரண்டு குறிலின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. மற்ற சரணங்களிலும் ஆறெழுத்து வரும் இடமெல்லாம் (இரங்காதோ, இல்லாதே, விடலாமோ) இதே கதைதான். ஆனால் மூன்றாம் சரணத்தில் மட்டும் நான்கு அடியும் நெடிலில் தொடங்கி இரட்டை நெடிலில் முடிகின்றன. நாட்டை … பாரோ. வீட்டை … பாரோ. ஊரை நினைத்து அழும் சரணம் அது. அங்கே இழுப்பதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்.

ஜனவரி 12

இழையின் போக்கிலிருந்து விலகி ஒரு சின்ன வம்பு. இங்கே ஒருவர் தன் சொந்தக் கவிதையை ஒட்டியிருக்கிறார். லஞ்சம், பஞ்சம், நெஞ்சம், வஞ்சம், தஞ்சம் எல்லாம் அடி கடைசியில் வரிசையாக வருகின்றன. சமூகச் சிக்கல் பற்றிக் கவியரங்கத்தில் எழுதுகிறவர் எவரும் இந்தத் தெருவில் ஒரு தடவையாவது நடந்திருப்பார். நானும் நடந்திருக்கிறேன், ஆதாரங்களை எரித்துவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால் பாரதியின் நான்காம் சரணமும் அதே தெருதான்: நெஞ்சம், பஞ்சை, தஞ்சம், மிஞ்ச. அப்படியானால் அது ஏன் கிலுகிலுக்கவில்லை? இடைவெளிதான் காரணம். ஒரு ‘ஞ்ச’வுக்கும் அடுத்த ‘ஞ்ச’வுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 21 எழுத்து ஓடுகிறது. காது மறக்கப் போகும் நேரத்தில் அடுத்தது வந்து தட்டுகிறது. அதோடு அது அடியின் தலையில் வருகிறது, வந்ததும் வாக்கியம் மேலே ஓடிவிடுகிறது, நின்று கைதட்டு வாங்குவதில்லை. நண்பரே, உங்கள் ஐந்து ‘ஞ்ச’வில் இரண்டை வைத்துக்கொண்டு மூன்றை விட்டுவிடுங்கள். லஞ்சத்தை முதலில் விடுங்கள், எல்லாரும் அதை எடுத்தாயிற்று.

ஜனவரி 14

பொங்கல். பேரன் கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தபோது உறைத்தது. இந்தப் பாட்டில் எங்கேயும் இனிப்பு இல்லை. பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் காதில் கரும்பு, கரும்பு என்றே ஒலிக்கிறது, ஆனால் தித்திப்பு, சர்க்கரை, சாறு ஒன்றும் இல்லை. தமிழில் கரும்பு என்று சொன்னதும் இனிமை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், சின்னக் கவிஞராக இருந்தால் ‘இனிக்கும் கரும்பு கசந்ததே’ என்று எதிர்மறையாவது செய்திருப்பார். பாரதி அந்தப் பக்கமே போகவில்லை. ‘கரும்பு’ இங்கே தாவரம்கூட இல்லை, வேலை செய்யும் இடத்தின் பெயர். எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து.

ஜனவரி 17

மெய்ப்பாடு. மகள் ‘அவலச் சுவை’ என்று ஒரே வரியில் முடித்திருப்பதாகச் சொன்னீர்கள். போதாது.

தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு (இழிவுபடுவது), இழவு (இழப்பது), அசைவு, வறுமை. நான்கும் இந்தப் பாட்டில் இருக்கின்றன, கிட்டத்தட்டச் சரணத்துக்கு ஒன்றாக. ‘கால்களும் கைகளும் சோர்ந்து விழும்படி’ அசைவு, உடம்பு தளர்வது. ‘ஏழைகள் அங்கு சொரியும் கண்ணீர்’ வறுமை. ‘அன்னை வீட்டை நினைப்பாரோ’ இழவு. ‘கற்பு நீங்கிடச் செய்யும் கொடுமை’ இளிவு. சூத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அழுகைக்கு உள்ள வாசல் நான்கு, நேர்மையாக அழுகிறவன் நான்கு வழியாகவும் வருவான், அவ்வளவுதான்.

கேள்விகளையும் எண்ணுங்கள். வழியில்லையோ, மருந்திதற்கிலையோ, இரங்காதோ, கலந்திடுமோ, நினைப்பாரோ இரண்டு, உரையாயோ, விடலாமோ. மொத்தம் எட்டு, எல்லாம் ஓகாரத்தில் முடிவதால் அடியின் கடைசியில் ஒரு மெல்லிய இயைபும் கிடைத்துவிடுகிறது. யாரைக் கேட்கிறார்? முதல் சரணத்தில் யாரையும் இல்லை. இரண்டாவதில் தெய்வத்தை. மூன்றாவதில் காற்றை. ‘அவர்கள் அழுததை நீ கேட்டிருப்பாய், எனக்குத் திரும்பச் சொல்ல மாட்டாயா?’ என்கிறார். கடைசிக் கேள்வி ‘மிஞ்ச விடலாமோ’. அது மட்டும்தான் கேட்கிறவனைச் செயலுக்கு இழுக்கும் கேள்வி. அதற்குப் பிறகு கேள்வியே இல்லை:

மிஞ்ச விடலாமோ? - ஹே!
வீரகராளி, சாமுண்டி காளீ!

அழுகை இங்கே வெகுளி, அதாவது கோபம், ஆகிறது. கணக்கும் இங்கேதான் முறிகிறது. பதினாறு தனிச்சொற்களில் பதினைந்து இரண்டெழுத்து, ‘ஹே’ மட்டும் ஓரெழுத்து. நீள அடி எல்லாம் 12, இது மட்டும் 10: வீரக / ராளிசா / முண்டிகா / ளீ. மீதி நேரத்தை ‘ளீ’ நீண்டு நிரப்ப வேண்டும். ‘கும்மிய / டி’ என்று கும்மி முடிகிற அதே இடம். அங்கே கைகொட்டு விழும், இங்கே கூப்பாடு.

ஜனவரி 18

ஒரு வாசகி கோபமாக எழுதியிருக்கிறார். கோபத்தில் நியாயம் இருப்பதால் நேரே எடுத்துக்கொள்கிறேன். அவர் சொல்வது: பெண்கள் இங்கே அழுவதும் சாவதும் தவிர எதுவும் செய்யவில்லை, கவலை கூலியைப் பற்றி இல்லை, கற்பைப் பற்றி, தோட்டத்தில் முஸ்லிம்களும் இருந்தார்கள், பாட்டு ‘ஹிந்து மாதர்’ என்கிறது.

மூன்றும் உண்மை. அன்றைய ஒப்பந்தக் கூலி எதிர்ப்பில் பெண் மானம் என்ற பேச்சுத்தான் எல்லாரையும் அசைத்தது, ஒன்பது பென்ஸ் யாரையும் அசைக்கவில்லை. குந்தியும் அழுதுகொண்டு உட்காரவில்லை, தப்பித்தாள், நடந்ததைச் சொன்னாள். 1920இல் பிஜியின் சுவா நகரத்து வேலைநிறுத்தத்தில் இந்தியப் பெண்கள் முன்னால் நின்றார்கள். பாட்டில் அந்தப் பெண்ணுக்கு இடமில்லை.

இதற்கு மேல் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாட்டில் பெண்கள் பேசும் வரி ஒன்றுகூட இல்லை என்பது குறையா, நாணயமா? ‘அழுதசொல் மீட்டும் உரையாயோ’ என்று காற்றிடம் கேட்கிறவன், அந்தச் சொல் தனக்கு வந்து சேரவில்லை என்று ஒத்துக்கொள்கிறான். அவர்கள் வாயில் இவன் வசனம் எழுதவில்லை. அந்த அளவில் நாணயம். ஆனால் கேட்காத குரலுக்கு விம்மல் என்று பெயர் வைத்தது இவன்தான். அது குரலாக இருந்திருக்கலாம், ஓவர்சியரைப் பார்த்துப் போட்ட வசையாகக்கூட இருந்திருக்கலாம். என் மனசு இதில் இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை. மகள் கட்டுரையில் இந்தத் தகராறு ஒரு பத்தியாவது வர வேண்டும். ஓசையை மெச்சிவிட்டு மட்டும் எழுந்து போகக் கூடாது.

ஜனவரி 21

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். ‘சரி, துள்ளல் என்று சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன், ஆனால் விம்மி வரியில் எனக்கும் மூச்சு சிக்கியது’ என்கிறார். வாபஸ் வேண்டாம். முதல் சரணத்தைத் தனியாகப் படித்தால் எனக்கும் துள்ளல்தான் கேட்கிறது. மெதுவாகப் பாடினால் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். மெதுவாகப் பாடினால் விம்மி வரியின் இடறலும் சேர்ந்து போய்விடும், அதனால் நான் நடுவேகத்தையே சொல்வேன்.

ஜனவரி 22

கூர்மையான கண் ஒன்று பிடித்திருக்கிறது: இரண்டாம் சரணத்தில் ‘பேயும் இரங்கும் என்பார், தெய்வமே! நினது’ என்ற வரியை எண்ணினால் 13 வருகிறதே, நீள அடி எல்லாம் 12 என்றீர்களே?

‘நினது எண்ணம்’ என்று பதம் பிரித்து அச்சிட்டதால் வருகிற கூடுதல் அது. ‘நினதெண்ணம்’ என்று சேர்த்தால் ‘து’ அடுத்த அடிக்குள் போய்விடும், வரி ‘நின’ என்று 12இல் நிற்கும். பழைய முறையில் ‘நின / தெண்ண மிரங்காதோ’ என்று அச்சிட்டால் கண்ணுக்கு எதுகை போனது போலத் தெரியும், இரண்டாம் எழுத்து ‘ண்’ இருப்பதால் போகாது. பெண், தெண், மண், கண். மோனைக்கு மட்டும் ‘ஏழைகள்’ என்பதோடு சேர ‘எண்ணம்’ என்று பிரித்தே பார்க்க வேண்டும். எண்ணும்போது பிரிக்காமலும் மோனை பார்க்கும்போது பிரித்தும் பார்ப்பது ஏமாற்று வேலை இல்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். தமிழ் யாப்பில் புணர்ச்சி வரும் இடமெல்லாம் இந்தச் சலுகை உண்டு. மகளிடம் அடிக்குறிப்பில் எழுதச் சொல்லுங்கள், வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்.